வலது மூலையில் ஒரு கட்டைவிரல்

மச்சான்,

கடைக்குள் காலையிலிருந்து சேற்று வாடை. உன் செல்வி கொண்டுவந்த படத்திலிருந்துதான் வருகிறது. நீ வரைந்த திருநீர்மலை. இந்த மழையில் இரும்புலியூர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது சட்டத்தோடு ஊறிக் கிடந்திருக்கிறது. மலையும் இல்லை, கோபுரமும் இல்லை; காகிதம் முழுக்க ஒரே பழுப்பு. காலமெல்லாம் தண்ணீரில் குழைத்துத்தான் வரைந்தாய். கடைசியில் தண்ணீரே அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

"ஸ்கேன் உங்ககிட்ட இருக்குல்ல அண்ணா? அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள்.

இருந்தது. பிரிண்ட் போட்டு விற்கலாம் என்று நீ அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் உயிரை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பிரிண்ட்டையும் வாசல் வெயிலில் பிடித்துப் பார்ப்பாய். "பச்சை தூக்கலா கீது மச்சான், கொறை" என்று திரும்பி வருவாய். படத்தின் வலது மூலையில் உன் கட்டைவிரல் நீலமாகப் பதிந்திருந்தது. அழகாகத்தானே இருக்கிறது, விட்டுவிடுவோம் என்றேன். நீ கேட்டால்தானே?

"வாங்குறவனுக்கு என் கைநாட்டு இன்னாத்துக்குடா? தொடச்சுடு."

பக்கத்தில் நின்று, திரையில் துளித்துளியாக அழிக்க வைத்தாய். அழித்ததை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய ஸ்கேனைத் தூக்கிப்போடவும் வைத்தாய்.

இன்று அதைத்தான் அச்சடித்தேன். மலை அப்படியே வந்தது. மழை மூட்டம்கூடப் பிசகவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், பச்சையை நீயே ஒத்துக்கொண்டிருப்பாய். செல்வி வாங்கியதும் அவள் விரல் நேராக வலது மூலைக்குப் போனது. அங்கே வெறும் வெள்ளைக் காகிதம்.

"அவர் விரல் எங்க அண்ணா? டெய்லி விளக்கேத்திட்டு அதுமேலதான் கை வைப்பேன்."

நடந்ததைச் சொன்னேன். "நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. திட்டுவதற்கு நீ இருந்தால்தானே.

அந்த விரலை அழித்தவன் நான். சற்றே இடப்பக்கம் சாய்ந்த அதன் வடிவம், நடுவில் குறுக்கே ஓடிய தழும்பு, எல்லாம் எனக்கு மனப்பாடம். நீல மையில் என் கட்டைவிரலைத் தோய்த்தும்விட்டேன். வைத்திருந்தால் அவளுக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

வைக்கவில்லை மச்சான். தினமும் விளக்கேற்றிவிட்டு அவள் என் விரலையா தொடுவாள்? மூலையை வெள்ளையாகவேதான் கொடுக்கப் போகிறேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் மை மட்டும் இன்னும் போகவில்லை.