மறையூர் வழியே ஒரு புள்ளிக்கோடு

அன்புள்ள பாய்,

சென்ற வாரம் என் மகள் தன் கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினாள். ஏதோ ஒரு யுத்த விளையாட்டுக்காக, அதை விளையாடுகிறவர்களே வரைந்து இணையத்தில் போட்டது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய தென்னாடு. மைசூருக்கு ஒரு நிறம், கொச்சிக்கு ஒன்று, திருவிதாங்கூருக்கு ஒன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். மேற்கு மலை வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே சுவராக ஓடியது. பாலக்காட்டில் திறப்பே இல்லை. வரைந்தவர் கணவாயை மறந்துவிட்டிருந்தார்.

"என்னப்பா சிரிக்கீங்க?" என்றாள் மகள்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். அந்த ஆளின் விலாசத்தைத் தேடிப்பிடித்து ஒரு கார்டு எழுதிப் போட்டிருப்பீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அதனால் அந்தக் கார்டுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் பாக்கி இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நீங்கள் மாதம் ஒருமுறை ஜவுளி மூட்டையோடு மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டுக்கு வருவீர்கள். பாலக்காட்டில் உங்கள் அண்ணனுக்கும் உங்களுக்குமாக ஒரு துணிக்கடை. அண்ணன் கடையில் உட்காருவார், நீங்கள் மலையேறுவீர்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வியாபாரம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க என் குவார்ட்டர்சில் இருப்பீர்கள். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மறையூர், உடுமலைப்பேட்டை வழியாக ஊர் திரும்புவீர்கள். எனக்கு எஸ்டேட் ஆபீசில் தேயிலைக் காடுகளின் வரைபடங்களைப் படியெடுக்கும் வேலை. இருவருக்கும் வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போன சாமான்களில் ஒரு அட்டைப்பெட்டி என் பங்குக்கு வந்தது. உள்ளே உலக வரைபடம் அச்சிட்ட ஒரு பலகை, பகடைகள், பாதிக்குமேல் தொலைந்துபோன காய்கள். நாடுகளைப் பிடிக்கும் விளையாட்டு. நீங்கள் அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இதென்னங்க, இந்தியா மொத்தமும் ஒரே கட்டம்? ஒருக்கா உருட்டினா முடிஞ்சுபோச்சு. நம்மூருக்காக எத்தனை படை எத்தனை தடவை வந்திருக்குது, இவிய ஒண்ணும் படிக்கலீங்களா?"

அடுத்த மாதம் வரும்போது முக்கால் கெஜம் காடாத் துணியும் ஒரு தகர டப்பாவும் கொண்டுவந்தீர்கள். டப்பாவில் சட்டைப் பொத்தான்கள். வெள்ளை ஆங்கிலேயருக்கு, பச்சை மைசூருக்கு, கறுப்பு திருவிதாங்கூருக்கு, பழுப்பு கொச்சிக்கு. துணியில் நான் இந்தியன் இங்கால் வரைந்தேன். எந்தக் கோட்டை எங்கே, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் படை நடந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். பாலக்காட்டு நூலகத்தில் உட்கார்ந்து பென்சிலால் குறித்துவந்த துண்டுச்சீட்டுகள் உங்கள் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். சீட்டில் இல்லாத ஒன்றைத் துணியில் போட விடமாட்டீர்கள்.

பாலக்காட்டுக் கோட்டை ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்று நான்கு முறை கைமாறும். அதைக் கொஞ்சம் பலமாக்கலாம், ஆட்டம் இன்னும் சமமாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சமமா இருக்கலீங்களே" என்றீர்கள். "வழியில உக்காந்திருக்கிற ஊருங்க எங்களுது. போறவன் வாறவன் எல்லாம் தட்டினான். அது அப்படியேதான் இருக்கோணும்." சொந்த ஊர் தோற்பதைப் பற்றி ஒருவர் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு வேறொரு குறை. எங்கள் மலை அந்தத் துணியில் வெறும் நிழல்கோடுகள். ஒரு காயும் அங்கே வராது.

"எங்க மலைக்கும் ஒரு சோலி குடுங்க, பாய்" என்று ஒருநாள் கேட்டேன். "உடுமலையில இருந்து மறையூர் வந்து, மூணாறு ஏறி அந்தப் பக்கம் எறங்குத மாதிரி ஒரு வழி போட்டா என்ன? நீங்க மாசாமாசம் வாரீங்கள்லா?"

"நான் பஸ்ஸுல வாறனுங்க. படை வரலை. வந்ததா ஒரு எழுத்து காட்டுங்க, போட்டுடலாம்."

என்னிடம் எழுத்து இல்லை. ஆசைதான் இருந்தது. ஒருமுறை துணியை ஒரு மாதம் என்னிடமே விட்டுப் போயிருந்தீர்கள். ஆபீஸ் முடிந்து வந்த ஒரு சாயங்காலம் பேனாவை எடுத்து, உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர், மூணாறு வழியாகக் கடற்கரைப் பக்கம்வரை புள்ளிபுள்ளியாக ஒரு கோடு போட்டேன். நடுநடுவே எண்களும் எழுதினேன். அடுத்த ஆட்டத்தில் அதன் வழியே வந்து உங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காய்ச்சல், ஆட்டம் நடக்கவில்லை. மறுநாள் காலை துணியைப் பிரிக்காமலே மூட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். நானும் சொல்லவில்லை.

அவசர நிலை அறிவித்திருந்த காலம் அது. சந்தனக்கட்டை தேடி பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைப் பிரிப்பது அந்த வழியில் எப்போதும் உண்டு. அன்றைக்கு உங்கள் மூட்டையில் கட்டை இல்லை. கோட்டைகளும் அம்புக்குறிகளும் எண்களும் போட்ட ஒரு வரைபடமும், நான்கு நிறத்தில் எண்ணி வைத்த பொத்தான்களும் இருந்தன. மலையிறங்கும் வழியிலிருந்த ஒரு காவல் நிலையத்தில் உங்களை உட்கார வைத்தார்கள். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். ஒவ்வொரு கோட்டுக்கும் நீங்கள் விளக்கம் சொன்னீர்களாம். இது இந்தப் படை நடந்த பாதை, இது அந்தக் கோட்டை என்று. பிறகு காட்டுக்குள் போகும் புள்ளிக்கோட்டைக் காட்டி, இது என்ன வழி என்று கேட்டிருக்கிறார்கள்.

"தெரியாதுங்க" என்றீர்கள்.

அது உண்மை. ஆனால் எல்லாக் கோடும் தெரிந்த ஆளுக்கு அந்த ஒன்று மட்டும் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? வரைந்தது யார் என்று கேட்டார்கள். துணியைப் பார்த்த கணமே உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் மேலே வந்தபோது கண்டக்டர் இறங்கிவந்து என்னிடம் சொன்னார். "ஒங்க ஜவுளி பாய புடிச்சு வச்சிருக்காங்க, சார். ஏதோ படமாம்." அவர் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை நான் ஆபீசுக்குப் போனேன். வியாழக்கிழமையும் போனேன். பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டின் எல்லையைப் படியெடுத்தேன். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், என்னையும் உள்ளே வைத்தால் வெளியே கேட்க ஆள் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனாலும் நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்: "அந்த மனுசன் ஒங்க பேரச் சொல்லியிருந்தா இந்நேரம் இங்க ஆளு வந்திருக்கும்லா?"

நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"பொறவு என்னத்துக்கு ஒக்காந்திருக்கீங்க?"

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினேன். காவல் நிலையத்தின் உள்ளறையில் ஒரு பெஞ்சில் இருந்தீர்கள். திங்கட்கிழமை போட்டிருந்த அதே சட்டை, தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, உடனே உட்கார்ந்துகொண்டீர்கள். நான் இன்ஸ்பெக்டரிடம் துணியைக் காட்டி, வரைந்தவன் நான்தான், இது ஒரு விளையாட்டு, இந்தப் புள்ளிக்கோடு அவருக்குத் தெரியாமல் நான் போட்டது என்றேன். அவர் மலையாளி, ஐம்பது வயதிருக்கும்.

"விளையாட்டுன்னா களிச்சுக் காட்டு" என்றார், ஆடிக் காட்டச் சொல்லி.

அவருடைய மேசையிலேயே துணியை விரித்தோம். உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். நீங்கள் மைசூர், நான் ஆங்கிலேயர். முதல் சுற்றை வெறுமனே பார்த்தார். இரண்டாவது சுற்றில் பகடையைக் கையில் வாங்கினார். மூன்றாவதில் கறுப்புப் பொத்தான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், திருவிதாங்கூர் அவருடையது ஆயிற்று. உங்கள் பச்சைப் பொத்தான்கள் பாலக்காட்டைப் பிடித்து வைத்திருந்தன. அதை முறியடிக்க அவருக்கு வழியில்லை. துணியை இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு மூணாறில் ஒரு பொத்தானை வைத்து, என் புள்ளிக்கோட்டின் மேல் உடுமலைப்பேட்டைக்குத் தள்ளத் தொடங்கினார்.

"அந்த வழி இல்லைங்க, சார்" என்றீர்கள்.

நான் மேசைக்கடியில் உங்கள் காலை மிதித்தேன்.

"படத்தில் உண்டல்லோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"படத்துல இருக்குதுங்க. ஆனா அந்தக் காலத்துல ஒரு படையும் அதுல போகலீங்க. இவரு ஆசைக்குப் போட்டது. காயை எடுத்துடுங்க, சார்."

நான்கு நாளாக அடைத்து வைத்திருக்கும் அதிகாரியிடம் காயைத் திரும்ப எடுக்கச் சொன்ன ஆளாக உங்கள் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் உங்களையே பார்த்தார். பிறகு பொத்தானை எடுத்து டப்பாவில் போட்டார். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். கள்ளன் என்றால் இந்நேரம் ஆமாம் சாமி போட்டிருப்பான், இந்த ஆளை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது என்கிற பொருளில். எங்கள் இருவரிடமும் எழுதி வாங்கினார். பொத்தான்களைத் திருப்பிக் கொடுத்தார், துணியைக் கொடுக்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததும், "எதுக்குங்க போட்டீங்க?" என்று கேட்டீர்கள்.

"எங்க மலையும் ஆட்டத்துல இருக்கட்டும்னுதான், பாய்."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். "கேட்டுட்டே இருந்திருந்தீங்கன்னா வேற ஏதாச்சும் யோசிச்சிருப்பனுங்க" என்றீர்கள். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், "எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?"

"இன்னைக்குக் காலையிலதான்" என்றேன்.

தலையசைத்தீர்கள். உங்கள் பஸ் வந்தது.

மூன்று மாதம் உங்கள் அண்ணன் உங்களை மலைக்கு அனுப்பவில்லை. இனி வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். நான்காவது மாதம் வந்தீர்கள், புதுத் துணியோடு. இந்தமுறை நீங்களே வரைந்திருந்தீர்கள். கடற்கரை கோணலாக இருந்தது, எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக. எங்கள் மலையில் நீல மையால் ஒரு வட்டம்.

"மழைங்க" என்றீர்கள். "மழையில ஆறு நெறஞ்சு படை நின்னுபோனதுக்கு எழுத்து இருக்குது, கிடைச்சிருச்சு. நாலாவது சுத்துல மழை வரும். மலை யாரு கையில இருக்குதோ அவரு சொல்ற ஆறு நெறையும். அங்க நிக்கிற படை ஒரு சுத்துக்கு நகரக் கூடாது. மலை உங்களுக்குத்தானுங்க."

அந்த மூன்று மாதமும் நூலகத்தில் உட்கார்ந்து இதைத்தான் தேடியிருக்கிறீர்கள். அன்று மழையை வைத்து நான் உங்களை ஜெயித்தேன். என்னைவிட நீங்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டீர்கள்.

அதற்குப் பிறகும் பல வருடம் விளையாடினோம். அந்தக் கண்டக்டர் வெகுகாலம் அதே பஸ்ஸில்தான் இருந்தார். மாதாமாதம் நீங்கள் அவரிடம்தான் டிக்கெட் வாங்கினீர்கள். உங்களைப் பிடித்துவைத்த கதை அவர் வாயில் எத்தனையோ முறை வந்திருக்கும். என்னிடம் எந்தக் கிழமை சொன்னார் என்பதும் அதில் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். நீங்கள் ஒருமுறைகூட அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, பகடையைத்தான் உருட்டினேன். கடைசியாகப் பாலக்காட்டில் உங்களைப் பார்க்க வந்தபோது உங்கள் அறையில் ஆட்கள் இருந்தார்கள். அதுவும் ஒரு சாக்கு.

தெரிந்துகொண்டே எனக்கு அந்த மழையைக் கொடுத்தீர்களா, தெரியாமல் கொடுத்தீர்களா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இத்தனை வருடம் சுமந்துவிட்டேன்.

எனக்கு வெள்ளிக்கிழமை காலையில் தெரியவரவில்லை, பாய். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தெரியும்.