பென்சில் புள்ளி

மார்ச் 5, வியாழன்

முந்தாநாள் வந்த பத்தொன்பது சளி மாதிரிகளையும் பார்த்து முடித்தேன். பதினான்காவது என் தங்கையுடையது. கிருமி வளர்க்கும் தட்டை முழுதாகத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அதே பச்சை, அதே அழுகிய திராட்சை வாடை. சூடோமோனாஸ். ஆய்வகத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் பச்சைக்காரன். ஒன்பது வருஷமாக அவள் நெஞ்சில் குடியிருக்கிறான், காலி செய்கிற எண்ணமே இல்லை.

தட்டில் மூன்று மருந்துக்குச் சாகிறான். அதில் இரண்டை அவள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறாள் — ஒன்று மாத்திரை, இன்னொன்று புகையாக்கி மூச்சில் இழுப்பது. பிறகு ஏன் இந்த இருமல்?

பச்சையின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று ஏதோ. ஏட்டில் அவள் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி என்றால் 'எச்சிலோடு வந்த உதிரி, விட்டுவிடு' என்று பொருள். இருபத்திரண்டு வருஷ வேலையில் நானாக ஏற்படுத்திக்கொண்ட அடையாளம், ஆய்வகத் தலைவர் மேடத்துக்குக்கூடத் தெரியாது. இரண்டு நாள் ஆன தட்டுகள் வழக்கம்போலக் கிருமியைக் கொல்லும் நீராவிப் பெட்டிக்குள் போயின. அறிக்கையில் ஒரே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்திலிருந்து எழுந்து வந்து கதவைத் திறப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்பத்தொரு வயதுதான்.

காலி மாத்திரை அட்டைகளைச் சேர்த்து வை என்று போன வருஷம் நான்தான் சொன்னேன். பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். மேசையில் கொட்டி எண்ணினேன். சரியாக இருந்தது. சரியாக இருந்ததே எனக்கு எரிச்சலாகிவிட்டது.

"அட்டையை யார் வேணும்னாலும் காலி பண்ணலாம். கழிவறையில போட்டுட்டா யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் கணவர் திறந்தார். நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், ஊமைக்கோட்டான் என்று நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர். தான் பார்க்கத்தான் மருந்து சாப்பிடுகிறாள் என்றார். இவருக்கு என்ன தெரியும்? பெண்டாட்டி சொன்னால் பகலையும் இரவு என்பார்.

என் தட்டில் கிருமி சாகிறது. இவள் நெஞ்சில் சாகவில்லை. தட்டு பொய் சொல்லாது. அப்படியென்றால்?

மார்ச் 12, வியாழன்

தங்கையைப் பார்க்கும் நெஞ்சு டாக்டர் ஆய்வகத்துக்கே போன் செய்துவிட்டார். "உங்க ரிப்போர்ட்படி பார்த்தா இந்தம்மா எப்பவோ தேறியிருக்கணும். ஏன் தேறலை?" என்றார். மேடம் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் அறிக்கையைச் சந்தேகப்படுகிறார்கள் என்று மேடம் காதில் விழுவதா?

அவள் என் சொந்தத் தங்கைதான், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ள மாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொன்னேன்.

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது.

மார்ச் 13, வெள்ளி

நான் சொன்னதில் தப்பில்லை.

மார்ச் 27, வெள்ளி

இடது நுரையீரலின் அடிப்பகுதி ஊறிப்போன துணி மாதிரி ஆகிவிட்டதாம். அதை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் பிழைக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. அறுவை சிகிச்சைக் குழு மறுத்துவிட்டது. 'மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர்' என்று ஃபைலில் இருக்கிறதாம். அப்படிப்பட்டவருக்குக் கத்தி வைத்துப் பயனில்லையாம்.

தங்கை போன் செய்தாள். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல்.

"அக்கா, அப்படி எழுதச் சொன்னது யாரு?"

தெரியாது என்றேன். நாக்கு எப்படிப் புரண்டது? புரண்டதே.

ஏப்ரல் 2, வியாழன்

மறுபடி அவள் மாதிரி வந்தது. போட்டு வைத்தேன். நாளை முதல் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. தட்டுகளைச் சனிக்கிழமை நீராவிக்கு அனுப்ப வேறு ஆளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

சொன்ன ஆள் வரவே இல்லை. எல்லாத் தட்டுகளும் சூட்டுப் பெட்டியில் அப்படியே. திட்டிக்கொண்டேதான் எடுத்தேன்.

தங்கையின் தட்டு. நான்கு நாள் வளர்ச்சி. பச்சையைச் சுற்றி வட்டமாகப் பொடிப் பொடியாக, எண்ண முடியாத அளவுக்கு. இது எச்சிலில் வந்த உதிரி இல்லை. உதிரி இப்படிப் பச்சைக்காரன் காலடியில் போய் உட்கார்ந்துகொள்ளாது.

இரண்டாம் நாளே தூக்கிப் போட்டால் இது யார் கண்ணில் படும்? ஊசிமுனையாகத் தெரியும். என் கண்ணில் பட்டது. புள்ளி வைத்தேன்.

பொடியை மட்டும் தொட்டு எடுத்து உப்புத் தட்டில் தேய்த்து வைத்திருக்கிறேன். உப்பில் பச்சைக்காரனால் வளர முடியாது. சனிக்கிழமை பார்க்கலாம்.

ஏப்ரல் 11, சனி

வளர்ந்துவிட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்கிற வேறொரு கிருமிதான், ஆனால் குள்ளமாகிப் போனது. அவள் விழுங்கிய மாத்திரையும் இழுத்த புகையும் இதன் மேல் படவே இல்லை. தட்டில் மருந்து தோய்த்த வில்லையை முட்டிக்கொண்டு வளர்ந்து நிற்கிறது.

பழைய ஏடுகளைக் கீழே தரையில் பரப்பி உட்கார்ந்தேன். முதல் புள்ளி விழுந்து இரண்டு வருஷம் இரண்டு மாதம். அவள் மாதிரி பதினாறு முறை வந்திருக்கிறது. பதினொரு புள்ளிகள். பதினொன்றும் என் பென்சில். நான் கூராகச் சீவி வைத்துக்கொள்கிற பென்சில்.

அவள் பொய் சொல்லவில்லை. ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

மேடத்திடம் காட்டினேன். பார்த்தார். இனிமேல் நுரையீரல்காரர்களின் தட்டை ஐந்து நாள் வைப்போம், பழையதைக் கிளற வேண்டாம் என்றார். பென்சில்தானே, அழித்துவிட்டால் போயிற்று என்றும் சொன்னார். மேசையிலிருந்த ரப்பரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் எடுக்கவில்லை. பெருமை ஒன்றுமில்லை, கை போகவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் ஏட்டோடு நெஞ்சு டாக்டரிடம் போனேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். பச்சைக்காரன் மூச்சுக்குழாய்ச் சுவரில் பசையாக ஒரு படலம் கட்டிக்கொள்கிறான். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவர் வழுவழுப்பு மாதிரி — பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீர் தெளியும், சுவர் வழுக்கிக்கொண்டே இருக்கும். அவன் கக்கும் விஷத்தில் மற்றவன் சாகாமல் குறுகிப் போகிறான். குறுகியவன் மெதுவாக வளர்வதால் மருந்துக்குத் தப்புகிறான். ஒருவன் நிழலில் ஒருவன்.

நான் ஆய்வகத்தில் கொன்றுகொண்டிருந்தது தனியாகப் பிடித்து வந்த ஒருவனை. அவள் நெஞ்சிலிருந்தது ஒரு குடித்தனம்.

ஃபைலில் இருக்கும் வரியை நீக்கச் சொல்லிக் கேட்டேன். "வாய்ல சொல்லி எழுதினதை வாய்ல சொல்லி எடுக்க முடியாதும்மா. எழுதிக் குடுங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இந்த முறை பேனாவில்.

ஏப்ரல் 18, சனி

சொல்லிவிட்டேன். கிருமியைப் பற்றி, புள்ளிகளைப் பற்றி. அவள் தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஃபைல்ல எழுதச் சொன்னதும் நீதானா?"

"ஆமா."

எழுந்து போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "எடுத்துட்டுப் போ. உனக்காகத்தான் சேர்த்தேன்."

அழுவாள், கத்துவாள் என்று தயாராகப் போயிருந்தேன். எதுவும் இல்லை. ஏதாவது சொல்லேன்டி என்று நான்தான் கெஞ்சினேன். அவள் கணவர் வாசல் பக்கம் போய் நின்று, "உங்க செருப்பு இங்க இருக்குக்கா" என்றார். அவருடைய பத்து வார்த்தையில் நாலை எனக்காகச் செலவழித்தார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

டப்பா அலமாரியில். திறக்கவில்லை.

மே 20, புதன்

வரியை அடித்துவிட்டார்கள். குழு மறுபடி கூடியது. மார்ச்சில் வைத்துப் பேசியது போன வருஷத்து ஸ்கேனாம், புதிதாக ஒன்று எடுத்தார்கள். இப்போது வலது பக்கமும் பரவியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால்தான் வெட்டலாம். ஒரு வருஷம் முன்னால் என்றால் செய்திருக்கலாம் என்று டாக்டர் வராந்தாவில் நின்று சொன்னார். என்னைக் குத்திக் காட்டவில்லை, கேட்டதற்குப் பதில்தான் சொன்னார்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் ஏட்டில் ஐந்து புள்ளிகள் ஆகியிருந்தன.

இனிமேல் இரண்டு கிருமிக்கும் மருந்து. தினம் இரண்டு வேளை உப்புநீர்ப் புகை, அதன்பின் முதுகில் தட்டிப் படலத்தைப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டும். முழுதாகப் போகாது, குறைத்து வைக்கலாம். எல்லாம் ஊமைக்கோட்டான் செய்கிறாராம். இனிமேல் அந்தப் பெயரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஜூன் 21, ஞாயிறு

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன். தங்கை கணவர்தான். "எனக்குக் காய்ச்சல். அவ பக்கத்துல போகக் கூடாது. தட்ட ஆள் இல்ல. வாங்க."

ஓடினேன்.

அவள் என்னை வா என்று சொல்லவில்லை. கட்டிலில் தலையைத் தாழ்த்தி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தட்டினேன்.

"கையைக் குவிச்சுத் தட்டு. அடிக்காதே."

குவித்தேன். இருபது நிமிஷம். எழுந்து உட்கார்ந்து இருமினாள், கண் பிதுங்க இருமினாள். வந்ததை மாதிரி எடுக்கும் டப்பாவில் துப்பி, மூடியைத் திருகி என்னிடம் நீட்டினாள். அவள் மாதிரியை இந்த இரண்டு மாதமும் வேறு ஆய்வகத்துக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாள் வெச்சிருப்பே?"

"அஞ்சு நாள்."

"புள்ளி வெப்பியா?"

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் சாவி என்னிடம் இருந்தது. நேராக ஆய்வகத்துக்குப் போய்த் தட்டில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 26, வெள்ளி

ஐந்தாம் நாள். பச்சைக்காரன் இருக்கிறான், கொஞ்சம் குறைவு. பொடியனும் இருக்கிறான். இரண்டு பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கையை வாங்க அவளே வந்தாள். மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்திருக்கிறாள். மேசைக்கு எதிரில் நின்றபடி ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். பிறகு ஏட்டைக் காட்டச் சொன்னாள்.

திருப்பி அவள் பக்கம் வைத்தேன். தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்திலிருந்த வெற்று இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.