பாலத்து ஸ்டேஷனில் நிற்காத வண்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியதை இத்தனை பக்கம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் கூப்பிடாதே என்று போன மாதம் சொன்னீர்கள். அதனால் கூப்பிடவில்லை, எழுதுகிறேன். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன். நீங்கள் "சரி சரி, அழாத, வை" என்பீர்கள். நானும் வைத்துவிடுவேன்.

இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். எல்லோரும் என்றால் இப்போது நானும் அம்மாவும்தான். நீங்கள் அனுப்பும் பணம் முதல் தேதியே வந்துவிடுகிறது. வங்கியிலிருந்து வரும் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். "வேற ஒன்னும் எழுதலையா அவன்?" என்று கேட்பாள். அது வங்கி அனுப்புவது என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன். சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. தூசி தட்டும்போது அம்மா அதை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்துவிடுகிறாள். என்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை, எனக்கு ஏற்ற இடம்.

இனி சொல்ல வந்த விஷயம். அதற்கு முதலில் சீசன் டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது என்ன பேச்சு என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

நீங்கள் இங்கே இருந்தவரை நம் ஸ்டேஷனிலிருந்து நகரத்துக்கு ஒரே சீசன்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் வெளிநாடு போன பிறகு ஒருநாள் டிக்கெட் ஹாலில் கட்டணப் பலகையைப் பார்த்தேன். வண்டிக்கு நிற்கும் நேரத்தில் மூன்று நாள் அதையே பார்த்தேன். பாலத்து ஸ்டேஷன்வரை ஒரு சீசன், அங்கிருந்து நகரத்துக்கு இன்னொரு சீசன் என்று இரண்டாக எடுத்தால் செலவு குறைகிறது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் இன்னும் குறைகிறது. அம்மா நகரத்துச் சலவைக்கூடத்தில் நான்கு நாள் இஸ்திரி போட்டு வாங்கும் கூலி மாதாமாதம் மிச்சம். கவுன்ட்டரில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். உள்ளே இருந்தவர் படித்துவிட்டு, "செல்லும்மா. ஆனா பாலத்துல நின்னு போற வண்டியிலதான் செல்லும். எக்ஸ்பிரஸ் அங்க நிக்காது, அதுல ஏறிடாத" என்றார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்பா பணிமனை கிரீஸ் போகாத கையால் என் தலையில் தட்டி, "டிகிரின்னா சும்மாவா? ரயில்காரனையே மடக்கிட்டா பாரு" என்றார். அன்றிலிருந்து எனக்கு 'சீசன் அதிகாரி' என்று பெயர். "அதிகாரிம்மா, இந்த மாசம் கரண்ட் பில்லையும் ரெண்டா வெட்ட முடியுமா?" என்று கேட்பார். அம்மாவுக்கும் அப்படியே எடுத்தோம். அவள் தன் இரண்டு அட்டைகளையும் தனித்தனி பையில் வைத்துக்கொண்டாள். வண்டி பாலத்தில் நின்றதும் முதல் அட்டையை உள்ளே வைத்து இரண்டாவதை வெளியே எடுப்பாள். அப்படியெல்லாம் மாற்ற வேண்டியதில்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். "இருக்கட்டும்டி, கேட்டா டக்குனு காட்டலாம்ல" என்பாள்.

ஆறு மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமாகி, அலுவலகமே முழு சீசன் கொடுக்க ஆரம்பித்தது. நான் எக்ஸ்பிரஸுக்கு மாறினேன். அம்மா பாலத்தில் நிற்கும் பாசஞ்சரிலேயே போனாள்.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஒருநாள் அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகி, பரபரப்பில் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டாள். என்னுடைய பெட்டிதான். நான் அலுவலகத் தோழிகளோடு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் பரிசோதகர் வந்தார். இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வண்டி அங்க நிக்கவே நிக்காதே. படிக்கத் தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி நடிக்கிறியா?" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கைப்பையில் எதையோ தேடினேன். அண்ணா, நான் எழுந்து போகவில்லை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அபராதத்தைக் கட்டிவிட்டு, நகரம் வரும்வரை கதவோரமாகவே நின்றாள். என் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் என் அம்மா என்று யாருக்கும் தெரியக்கூடாது என நான் நினைத்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மாறாகத் திட்டினேன். எக்ஸ்பிரஸில் ஏறவே கூடாது, என்ன அவசரமானாலும் ஏறக்கூடாது, என்ன, சொல்லு பார்க்கலாம் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சொல்ல வைத்தேன். "ஏற மாட்டேன், தாயே" என்றாள். அப்பா மட்டும், "அவளப் போட்டு ஏன் வறுத்தெடுக்கிற?" என்றார்.

அடுத்து அந்தக் காலை. உங்களுக்குத் தெரிந்ததுதான். நகரத்து ஆஸ்பத்திரியில் அப்பாவை ராத்திரி நான், பகலில் அம்மா என்று ஒன்பது நாள் பார்த்துக்கொண்டோம். பத்தாம் நாள் விடியும்போது நர்ஸ், வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுவிடு என்றார். அம்மாவையும் உங்களையும் கூப்பிட்டேன். நீங்கள் ஆறு மணிக்கு அம்மாவிடம் பேசினீர்கள். ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். ஆறு பத்து எக்ஸ்பிரஸில் ஏறியிருந்தால் ஏழு மணிக்கு அப்பாவின் கட்டிலருகில் இருந்திருப்பாள். அப்பா போனது ஏழு இருபத்தைந்துக்கு. அம்மா வந்தது எட்டு ஐந்துக்கு.

நீங்கள் அந்தத் தடத்தில் எட்டு வருஷம் போய்வந்தவர். வண்டி நேரமெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அடக்கம் முடிந்த அன்றே போனில் அம்மாவிடம் கேட்டீர்கள்: "ஆறு மணிக்கே ஸ்டேஷன்ல இருந்த. வண்டி உன் கண்ணு முன்னாலதான் போச்சு. அப்ப நீ என்ன பண்ணிட்டு இருந்த?" அம்மா, "நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள். நீங்கள் வைத்துவிட்டீர்கள். அம்மாவிடம் நீங்கள் பேசி நான்கு மாதம் ஆகிறது.

எனக்கும் அன்று அது புரியவில்லை. நெஞ்சடைத்துப்போய் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் சீசன் புதுப்பிக்க வேண்டியிருந்தது. துணி மடித்துக்கொண்டே அம்மா, "இந்தத் தடவ முழுசா ஒரே சீசனா எடுத்துரு. எதுல வேணா ஏறலாம்ல" என்றாள். நான்கு நாள் கூலியை விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்? ஏன் என்று கேட்டேன். முதலில் சும்மாதான் என்றாள். விடாமல் கேட்டதும், யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

எக்ஸ்பிரஸ் வந்து கதவு திறந்து நின்றதாம். டிக்கெட் கவுன்ட்டரில் நீளமான வரிசையாம். கையில் இரண்டு அட்டையையும் வைத்துக்கொண்டு கதவுக்கு நேரே நின்றாளாம். "அது நம்ம வண்டி இல்லையேன்னு நின்னுட்டேன்டி. ரெண்டாவது தடவையும் பிடிச்சு நடுவுல எங்கயாவது இறக்கி விட்டுட்டா அவரப் பாக்கவே முடியாம போயிடுமேன்னு பயம். பாசஞ்சர்னா நிச்சயமா போய்ச் சேரலாம்ல." எத்தனை தடவை பிடித்தாலும் அபராதம் கட்டினால் போதும், யாரும் நடுவழியில் இறக்கிவிட மாட்டார்கள். அதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஏறக்கூடாது என்று மட்டும்தான் சொல்லித் தந்தேன்.

அண்ணனிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஒன்னையத்தான திட்டுவான்" என்று மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்றையும் உங்களிடம் நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அப்பா கடைசிவரை அம்மாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்றேன். அது உண்மை. மீதி இது. "உங்கம்மா ஏறிட்டாளா?" என்று கேட்டார். எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்றேன். அப்பா லேசாகச் சிரித்தார். "எங்க ஏறுவா? அதிகாரி உத்தரவு இருக்கே. பாசஞ்சர்லதான் வருவா. வரட்டும், அவள அவசரப்படுத்தாத" என்றார். நினைவு தடுமாறிப் பேசுகிறார் என்று நினைத்தேன். தெளிவாகத்தான் பேசியிருக்கிறார். அப்பா அவள்மீது கோபத்தோடு போகவில்லை, அண்ணா. அவள் ஏன் வரவில்லை என்று நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

முழு சீசன் எடுத்துக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். பிளாட்பாரத்தில் அம்மா நின்றிருந்தாள். கையில் புது அட்டை. எதிரே கதவு திறந்துதான் இருந்தது. அவள் ஏறவில்லை. நான் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ஒனக்கு ஆபீசுக்கு நேரமாகலையா?" என்றாள். இல்லை என்றேன். அன்றிலிருந்து நானும் பாசஞ்சரில்தான் போகிறேன். பாலத்து ஸ்டேஷன் வந்ததும் அவள் கை தானாகப் பைக்குள் போய், மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் வெளியே வருகிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்மீது கோபம் வந்தால் நியாயம்தான். எனக்குக் கடிதம் எழுதித் திட்டுங்கள், முழுவதும் படிப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். என் எண்ணுக்கு வேண்டாம், அம்மாவின் எண்ணுக்கு. சனிக்கிழமையே அதை சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறாள். நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம், அந்தக் காலையைப் பற்றியும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் கை ஓடாது, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எடுக்க நேரமாகும். அதுவரை வைத்துவிடாதீர்கள், அண்ணா.

உங்கள் தங்கை