கிவுல் தண்ணீரும் உன் கையும்

இன்று காலை கல்லுப்புப் பையைக் கத்தியால் கிழித்தேன். ஈரம் ஏறிய உப்பின் வாடை மூக்கில் பட்டதும் இடது மணிக்கட்டு வலித்தது. வாடைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாராவது கேட்கலாம். நீ கேட்கமாட்டாய். நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன், அடி விழும்போதுகூட. இனி அந்த மரியாதை எதற்கு? கோபித்துக்கொண்டு நீ எங்கே போய்விடப் போகிறாய்.

பஸ் இன்னும் வில்கமுவையில் அதே மருத மரத்தடியில்தான் நிற்கிறது. ஓடுவதில்லை. சக்கரங்களைக் கழற்றி விற்றுவிட்டேன். நான்கு மூலைக்கும் சீமெந்துக் கல் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் அந்தச் சக்கரங்களுக்காகவே என் பல் ஒன்று போயிருக்கும்.

அந்தப் பழைய பஸ்ஸை வாங்கிய நாளில் நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். சீட்டுகளை நாம் இரண்டு பேருமே கழற்றினோம். முன்பக்கம் காஸ் அடுப்பும் பலகையும், பின்பக்கம் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில், கூரையில் நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய். கடையும் அதுதான், வீடும் அதுதான். மாத்தளையில் அம்மன் கோயில் தேர் நேரத்தில் உன் அண்ணன் வீட்டு வளவில் ஒரு மாதம் நிறுத்துவோம். பிறகு பல்லேகம. நெல் வெட்டுத் தொடங்கினால் வில்கமுவ. வெட்டு மெஷின் ஓட்டுபவர்களும் டிரக்டர்காரர்களும் விடிந்ததும் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அவித்த கடலையும் தேத்தண்ணியும் கொடுப்பதுதான் நம் பிழைப்பு.

முதல் அடி அந்தக் கடலைக்காகத்தான் விழுந்தது. முதல் நாளே ஊறப்போட்டு, மூன்று மணி நேரம் அடுப்பில் வைத்திருந்தேன். ஒரு டிரக்டர்காரர் வாயில் போட்டுக் கடித்துவிட்டு உள்ளங்கையில் துப்பினார். "கல் வகே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார், கல் மாதிரி இருக்கிறதாம். நீயும் சேர்ந்து சிரித்தாய். எல்லாரும் போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாய். பிறகு கதவைச் சாத்திவிட்டு அகப்பையை எடுத்தாய்.

"கைராசி இல்லாத முண்டம். ஒரு கடல அவிக்கத் துப்பில்ல."

என் தோளில் அகப்பை முறிந்தது. முறிந்த துண்டை வைத்தும் அடித்தாய். அடுத்த நாள் அப்பச்சோடா போட்டு அவித்தேன். கடலை கொஞ்சம் மெத்தென்று ஆனது, ஆனால் சவர்க்காரம் தின்ற மாதிரி வாய் கசந்தது. அதற்கும் அடித்தாய். தேத்தண்ணியின் மேல் ஆடை மாதிரி ஒன்று மிதந்தது. கேத்திலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. நான் தேய்க்காத சோம்பேறி என்றாய். கேத்திலைத் தூக்கி எறிந்தாய். அது என் காதை உரசிக்கொண்டு போய்க் கண்ணாடியில் மோதியது. ஜன்னலில் அந்த விரிசல் இப்போதும் இருக்கிறது.

நான் ஒன்றும் வாய் செத்தவள் இல்லை. உன் சோற்றில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறேன். உன் நல்ல சட்டையைக் கிழித்து அடுப்புத் துடைத்திருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக உன்னை ஏசியிருக்கிறேன். கை மட்டும் ஓங்கவில்லை. அது எனக்கு வராது என்று நினைத்திருந்தேன்.

நீ குடிகாரனும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். குடித்துவிட்டு அடித்தான் என்று சாட்டுச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. தெளிந்த கண்ணோடு பார்த்து அடிப்பாய். அப்படியானால் காரணம் வேறு எங்கேயோ இருக்க வேண்டும் என்று தேடினேன். மாத்தளையில் நிறுத்தும் மாதத்தில் ஒரு அடிகூட விழாது. அங்கே கடலை வெண்ணெய் மாதிரி வேகும், தேத்தண்ணி சிவப்பாகத் தெளிந்து இருக்கும், நீ என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு திரிவாய். வில்கமுவைக்கு வந்தால் கடலை கல்லாகும், உன் கையும் கல்லாகும். பக்கத்து வயல்கார அம்மா ஒரு நாள் என் கன்னத்து வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "நங்கி, மே கிவுல் வத்துர" என்றார். தங்கச்சி, இந்தக் கிணற்றுத் தண்ணீர் கிவுல், சுண்ணாம்பு ஏறிய கடினத் தண்ணீர், இதில் கடலை வேகாது, தப்பு உன்னுடையது இல்லை என்று விளக்கினார். அன்று நான் அழுத அழுகை வலிக்காக இல்லை. காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அழுதேன். தண்ணீரைத் திருத்தினால் நீயும் திருந்திவிடுவாய் என்று முடிவு கட்டினேன். மடைச்சி.

அடுத்த முறை மாத்தளைக்குப் போனபோது வில்கமுவத் தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் எடுத்துக்கொண்டு பில்டர் விற்கிற கடைக்குப் போனோம். நீயும் வந்தாய். கடைக்காரர் அதில் ஒரு காகிதத் துண்டை நனைத்து நிறத்தைப் பார்த்தார். சவர்க்காரத் துருவல் போட்டுப் போத்தலைக் குலுக்கிக் காட்டினார். நுரை வரவில்லை, தயிர் திரிந்த மாதிரி மிதந்தது.

"வீடு எவ்வளவு பெருசு தங்கச்சி?"

"பஸ்ஸுங்க. பஸ்லதான் இருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கேன் தண்ணீர், எந்நேரமும் கரண்ட் இருக்குமா, கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆள் உயரச் சிலிண்டர் ஒன்று இருந்தது. தானே கழுவிக்கொள்ளுமாம். அதற்குக் கரண்டும் நல்ல வேகத்தில் வரும் பைப் தண்ணீரும் வேண்டும், பஸ் கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர் போதாது. பைப்பில் மாட்டும் காந்தம் ஒன்றும் இருந்தது. கைக்கு அடக்கம், உப்பும் வேண்டாம். அதை எடுப்போம் என்று நீ சொன்னாய். இதைப் போட்டால் கடலை வேகுமா என்று நான் கேட்டேன். கடைக்காரர் உன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "கடலைக்கு நான் பொறுப்பில்ல" என்று அதை உள்ளே வைத்தார். கடைசியில் முழங்கால் உயரத்தில் ஒரு சிலிண்டரை எடுத்தோம். உள்ளே மீன் முட்டை மாதிரி மஞ்சள் மணிகள். தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பை அவை பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து அலுத்துப்போனால் மேல்மூடியைத் திறந்து உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவினால் மறுபடி வேலை செய்யும். கரண்ட் வேண்டாம். பஸ் ஓடும்போது தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும்.

"சமைக்க, கழுவ, குளிக்க மட்டும்தான். இதுல உப்புச் சத்து ஏறும், பிரஷர் உள்ளவங்க குடிக்கக் கூடாது. அந்தப் பக்கம் பரவுற கிட்னி வருத்தத்துக்கு இது மருந்துமில்ல. குடிக்கிற தண்ணிய வேறயா எடுத்துக்குங்க. அப்பறம் என்னய ஏசாதீங்க" என்றார்.

நீ அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தாய். "எம் பொஞ்சாதிக்கு வாங்கின சாமான்" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டினாய். அந்த ஒரு நாளுக்காக உன்னை எத்தனை முறை மன்னித்தேன் தெரியுமா?

வில்கமுவையில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினோம். முதல் நாள் கடலை ஒன்றரை மணி நேரத்தில் விரலில் நசுங்கியது. டிரக்டர்காரர் இரண்டாம் தட்டுக் கேட்டார். நீயும் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தட்டுத் தின்றாய். இரண்டு வாரம் கை ஓங்கவில்லை. நான் அந்தச் சிலிண்டருக்குக் குங்குமம்கூட வைத்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் நீ அந்தத் தண்ணீரில் குளித்தாய். இளகின தண்ணீரில் சவர்க்காரம் சீக்கிரம் போகாது, மேலெல்லாம் வழுவழு என்று இருக்கும். கடைக்காரர் அதையும் சொல்லியிருந்தார். நீ கேட்டுக்கொண்டுதான் நின்றாய். ஈரத்தோடு பஸ்ஸில் ஏறினாய்.

"என்னடி கலந்த தண்ணில? எண்ண மாதிரி வழுக்குது."

"ஒண்ணும் கலக்கலங்க. அது அப்பிடித்தான் இருக்கும்னு அவரு சொன்னாரே."

"எனக்கே பாடம் சொல்றியா?"

இரும்பு வாளி உன் கையில் இருந்தது. தலையை மறைக்க இடது கையைத் தூக்கினேன். வாளியின் விளிம்பு மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி ஓங்கினாய். அடுப்பில் கடலை வெந்துகொண்டிருந்தது. நன்றாக வெந்துகொண்டிருந்தது, நல்ல வாசம் வந்தது. அதைப் பார்த்த நிமிடத்தில்தான் எனக்குள் ஏதோ அறுந்தது. கடலை வெந்துவிட்டது, பிறகும் அடிக்கிறாய். சிலிண்டர் மூடியைத் திருகுகிற பெரிய ஸ்பேனர் பக்கத்தில் கிடந்தது. நல்ல கையால் எடுத்தேன். உன் தலைக்குத்தான் குறி வைத்தேன். பொய் சொல்லமாட்டேன், தலைக்குத்தான். நீ திரும்பியதால் தோளில் விழுந்தது. காறை எலும்பு போனது. நீ உட்கார்ந்துவிட்டாய். குழந்தை மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாய். இன்னொன்றும் போட்டேன்.

இரண்டு பேரும் ஒரே த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் ஒரே நேரத்தில் முனகினோம். என்ன நடந்தது என்று நர்ஸ் கேட்டார்.

"பஸ்ல விழுந்துட்டோம்" என்றாய் நீ.

"ரெண்டு பேருமா?"

"ஒரே பஸ்தானே" என்றேன் நான். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். உனக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. நம் கல்யாண வாழ்க்கையில் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான். அங்கிருந்தே நீ மாத்தளைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் பஸ்ஸுக்கு வந்தேன். அடுப்பை அணைக்காமல் போயிருந்தோம். கடலை கரியாகிக் கிடந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, நெஞ்சு வலித்தது, போய்விட்டார் என்று உன் அண்ணன் போன் பண்ணினார். வந்தேன். கூடத்தில் நீ வேட்டி கட்டிப் படுத்திருந்தாய். தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது, அது என் வேலை. "கடல வேகுதாமான்னு கேட்டுக்கிட்டே இருப்பான்" என்று உன் அண்ணன் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. உன்மேல் ஆசை இன்னும் இருந்தது. வெட்கம்கெட்ட ஆசை.

அப்போதுதான் உன் அண்ணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எங்கொழுந்தன் மாதிரி சாந்தமான ஆளு உண்டா? நாங்கூட ஒரு நா அவசரத்துல கடலய அரவேக்காடா எறக்கிட்டேன். கல்லு மாதிரி. உன் மூத்தாரு தட்டத் தள்ளிட்டாரு. ஒன் வீட்டுக்காரரு மட்டும் ஒரு வார்த்த சொல்லாம மென்னு தின்னுட்டு எந்திரிச்சாரு."

என் அழுகை அந்த இடத்திலேயே நின்றது. மாத்தளையில் உன்னை இளக வைத்தது தண்ணீர் இல்லை. அண்ணன் இருந்தார், நீ அடங்கியிருந்தாய். உன்னால் அடங்க முடிந்திருக்கிறது. கல்லுக் கடலையை மென்று விழுங்க உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் அடங்க வேண்டாம் என்று நீயேதான் முடிவு செய்திருக்கிறாய், ஒவ்வொரு தடவையும், தெளிந்த கண்ணோடு. அந்த வேட்டியைப் பிடித்து உன்னை எழுப்பி மற்றத் தோளையும் உடைக்க வேண்டும் போலிருந்தது. பிரேதம் எடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டாம் என்றே வைத்திருக்கிறேன், அதற்கு வேலை இருக்கிறது. சிலிண்டரைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெண்கள் என்னிடம்தான் கேட்க வருகிறார்கள். பல்லேகம ரோட்டில் லொறியில் சட்டி பானை விற்கிற பிள்ளை ஒருத்தி போன வாரம் வந்தாள். லொறிதான் வீடாம். எந்த அளவு வாங்கலாம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை உப்புப் போட வேண்டும் என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, சோறு சரியில்லை என்று புருஷன் கை வைக்கிறார், தண்ணீரைத் திருத்தினால் சரியாகிவிடும் என்றாள். உதட்டில் காய்ந்த இரத்தம்.

"அவருக்கு அண்ணன் இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காருக்கா. ஏன்?"

"அவரு முன்னாடியும் அடிப்பாரா?"

அவள் உதட்டுக் காயத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இல்லக்கா. அவரு முன்னாடி சத்தமே வராது."

"அப்ப மெஷின சோத்துக்கு மட்டும் வாங்கு" என்றேன்.