நாற்பது மரத்தில் எத்தனை

மார்ச் 11, புதன்

இந்த வருடத்தின் முதல் எண்ணிக்கை. காலையில் தரை இறுகிக் கிடந்தது, பத்து மணிக்குமேல் ஒரே சேறு. கீழ்த் தோட்டம், ஊற்றடித் தோட்டம் இரண்டையும் முடித்தேன். மாதிரிக்குத் தோட்டத்துக்கு நாற்பது ஃபர் மரம் மட்டும், மரத்துக்கு ஒரு கொப்பு. உள்பக்கத்து ஊசியிலைகளின் அடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிலந்திப்பேனும் அதன் முட்டையும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கீழ்த் தோட்டம்: நாற்பதில் 1. ஊற்றடி: நாற்பதில் 0.

தம்பி வெண்டல் கொட்டகையில் மருந்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "என்னக்கா, இந்த வருஷமாவது என் மெஷினுக்கு வேலை உண்டா?" என்றான். "துருப்பிடிச்சுப் போகட்டும்" என்றேன்.

ஆறு வருடமாக இதே பேச்சு. அதற்கு முன்னால் மார்ச் பிறந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு மூன்று தோட்டத்துக்கும் மருந்தடித்துவிடுவான். பேன் இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்க்க மாட்டான். அந்த மருந்து, கெட்ட பேனைத் தின்கிற நல்ல பேனையும் சேர்த்துக் கொன்றுவிடும். கோடையில் கெட்டது மட்டும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். சண்டை போட்டு நிறுத்தியவள் நான். நாற்பதில் எட்டு மரத்துக்குக் குறைவாக இருந்தால் மருந்து கிடையாது. எட்டு வந்தால் அந்தத் தோட்டத்துக்கு மட்டும். அன்றைக்கே அவன் ஒன்று சொல்லி வைத்தான்: "ஒரே ஒரு தடவை உன் எண்ணிக்கை தப்பட்டும்க்கா. அப்புறம் நான் என் இஷ்டத்துக்கு அடிப்பேன். நீ வாயைத் திறக்கக் கூடாது." சரியென்று கை கொடுத்திருக்கிறேன்.

நாளை மேல் தோட்டம். ஆயிரத்து எண்ணூறு மரம், பத்தாவது வருடம், இந்த நவம்பரில் கிறிஸ்துமஸுக்கு வெட்டு. எதில் தப்பினாலும் அதில் தப்பக் கூடாது.

மார்ச் 12

மேல் தோட்டம்: நாற்பதில் 0.

போன மார்ச்சில் 4 இருந்தது. தெற்கு பார்த்த சரிவு, முழு வெயில், பக்கத்திலேயே மண் ரோட்டுப் புழுதி. பேனுக்கு மாமியார் வீட்டு விருந்து மாதிரியான இடம். அங்கேயே பூஜ்யம்! நல்ல பேன்கள் நன்றாக வேலை செய்திருக்கின்றன. பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 28

பூதக்கண்ணாடி மங்கிவிட்டது. வினிகரில் துடைத்தும் தெளியவில்லை. புதிதாக ஒன்று தருவித்தேன், அதுவும் மங்கல்தான். இப்போதெல்லாம் எவனும் ஒரு பொருளை உருப்படியாகச் செய்வதில்லை. பழையதையே கழுத்தில் மாட்டிக்கொண்டேன். புதியது கொட்டகை ஆணியில் தொங்குகிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சர்ச்சில் மானம் போயிற்று. பலகையில் பாட்டு எண் 386 என்று மாட்டியிருந்ததாம். நான் 336ஐ எடுத்து, முதல் வரியை ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டேன். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வெண்டல் தோள் குலுங்கச் சிரித்தான். அந்த எண் அட்டைகளை யாராவது துடைத்துத் தொலைத்தால் என்ன?

மே 6

காலையில் பனி விழுந்து கீழ்த் தோட்டத்தில் இளந்தளிர் கொஞ்சம் கருகியிருக்கிறது. அசுவினிப் பூச்சிக்காகக் கொப்பைத் தட்டிப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் பயப்படும்படி இல்லை. அசுவினி பெரிசு, கண்ணை மூடிக்கொண்டே எண்ணலாம்.

சிலந்திப்பேன் மூன்று தோட்டத்திலும் 0.

மெக்சிகோ ஆட்கள் வரிசைகளுக்கு நடுவே, நல்ல பேன் தங்குகிற கிளோவர் செடியை உயரமாக விட்டுப் புல் வெட்டினார்கள். மேஸ்திரி நிக்கானோர் இங்கே வரத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம். புதிதாக வந்த இருவருக்கு என் பாடத்தை அவனே சொல்லிக்கொண்டிருந்தான்: பேன் வேகமாக ஓடினால் நம்ம ஆள், மெதுவாக ஊர்ந்தால் எதிரி. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்ப மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் நாங்க ஊர்றோமே, நாங்கல்லாம் எதிரியாம்மா?" என்றான். "நீங்கதான் முதல் எதிரி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூன் 9

மழையே இல்லை. மேல் தோட்டத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றேன். கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏதோ அசைகிற மாதிரி இருந்தது, பிறகு இல்லை. தூசியாக இருக்கலாம்.

நோட்டில் 2 என்று எழுதினேன். இந்த வறட்சியில் பூஜ்யம் போட்டால் வெண்டல் நம்ப மாட்டான். இரண்டு என்றால் நம்புவான்.

நம்பினான்.

ஜூலை 22

மரங்களுக்குக் கூம்பு வடிவம் வெட்டுகிறார்கள். இன்று மேல் தோட்டம். மதியம் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுபோனேன். நிக்கானோர் நீளக் கத்தியைக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்தான்.

"அம்மா, இந்தச் சரிவுல கத்தியில நூல் நூலா ஒட்டுது. சாம்பல் பூசின மாதிரி."

"சிலந்தி வலை. மலையில சிலந்தி இல்லாம இருக்குமா?"

"சிலந்தி வலை எனக்குத் தெரியும்மா. இது ரொம்ப மெல்லிசு. உள்ள இலையெல்லாம்கூட..."

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே! பூதக்கண்ணாடி என் கழுத்துல தொங்குதா, உன் கழுத்துல தொங்குதா? கத்தி பிடிக்கிற வேலையை மட்டும் பாரு."

மற்ற ஆட்கள் காதில் விழும்படியே சொன்னேன். அவன் கத்தியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வரிசைக்குப் போனான். அந்தக் கால்சட்டையில் சாம்பல் கோடு விழுந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 23

மெல்லிய நூல். சாம்பல். வேறென்ன அப்படி இருக்கும்? பேன் வலைதான் இருக்கும்.

ஆகஸ்ட் 17

அந்த நூல் மூன்று வாரமாக மனசை அரிக்கிறது. மேல் தோட்டத்துக் கொப்பு இரண்டை ஒடித்து வெண்டல் வீட்டுக்கே கொண்டுபோனேன். மேசைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்ப்பதாக எண்ணம். அவன் மனைவி ஜெனல் தட்டு கொடுத்தாள்.

"இதென்ன டீக்கறை படிஞ்ச தட்டைக் குடுக்கிற? வெள்ளைத் தட்டு இல்லையா?"

"அண்ணி, இப்பத்தான் கவரைப் பிரிச்சேன். பால் மாதிரி வெள்ளையா இருக்கே!"

நான் தட்டைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எவ்வளவு நாளா அண்ணி?" என்றாள்.

"என்ன எவ்வளவு நாளா? ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கொப்புகளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18

குளிர்சாதனப் பெட்டிமுன் நின்று ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். வலது கண்ணுக்குப் பெட்டி பழைய பேப்பர் நிறம். இடது கண்ணுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. நாள்காட்டியை இரண்டாலும் படிக்க முடியவில்லை.

பூதக்கண்ணாடி மங்கவில்லை. அட்டைகளில் அழுக்கில்லை. நான்தான்.

மார்ச்சிலிருந்து எழுதிய பூஜ்யம் எல்லாம் பூஜ்யமே இல்லை, தெரியவில்லை என்று அர்த்தம். அதையாவது அறியாமல் எழுதினேன். ஜூன் 9 அன்று போட்ட 2? அதை எந்த மரத்தில் பார்த்தேன்? எந்த மரத்திலும் பார்க்கவில்லை. அது சுத்தப் பொய், ஒலீட்டா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வழி தோன்றியது. மேல் தோட்டம் 9 என்று எழுதிவிடலாம். வெண்டல் ஒரு வார்த்தை கேட்காமல் மருந்தடிப்பான். பேனும் சாகும், என் பேரும் நிற்கும். யாருக்கும் தெரியாது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். சீச்சீ, இன்னொரு பொய் எண்ணா? வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

காலையில் முதல் வேலையாக வெண்டலிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கண் தெரியவில்லை, இந்த வருட எண்ணிக்கை எதையும் நம்பாதே, ஜூனில் போட்டது என் கற்பனை என்று எல்லாவற்றையும். அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். உடனே வண்டியை எடுத்தான். ஆணியில் தொங்கிய புதுப் பூதக்கண்ணாடியை நிக்கானோர் எடுத்துக்கொண்டான். அது மங்கலே இல்லையாம்.

மேல் தோட்டத்தில் நிக்கானோர் எண்ணினான், நான் எழுதினேன். நாற்பதில் 31.

வெண்டல் ஒரு மரத்தின் கிளையை விலக்கினான். "வா, வந்து பாரு. உள்ளே முழுக்க வெண்கலச் சட்டி நிறம். நாலு வரிசை தள்ளி நின்னாலே தெரியுதேக்கா!"

"தெரியுதுல்ல? அப்ப நீ ஏன்டா பார்க்கல?"

"நான் ஏன் பார்க்கணும்? நீதான் பார்க்கிறியே! ஆறு வருஷமா நான் மரத்தைப் பார்க்கிறதே இல்லக்கா. உன் நோட்டைத்தான் பார்க்கிறேன்."

அவன் நிக்கானோர் பக்கம் திரும்பினான். "ஜூலை முழுக்க இங்கதானே வெட்டினீங்க? நீயாவது சொல்லக் கூடாதா?"

நிக்கானோர் என்னை ஒரு பார்வை பார்த்தான். "பெரிசா ஒண்ணும் கண்ணுல படல முதலாளி" என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. "பொய் சொல்றான். வந்து சொன்னான். நான்தான் பத்துப் பேர் முன்னால அவன் வாயை அடைச்சேன்" என்றேன். நிக்கானோர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். அது அவிழ்ந்தே இருக்கவில்லை.

மாலையில் அவர்களே மற்ற இரண்டு தோட்டங்களையும் எண்ணினார்கள். கீழ்த் தோட்டம் 2. ஊற்றடி 1. அங்கே நல்ல பேன்கள் கொப்புக்குக் கொப்பு ஓடிக்கொண்டிருந்தனவாம்.

ஆகஸ்ட் 24

மேல் தோட்டத்துக்கு மட்டும் மருந்தடித்தாயிற்று. பேன் செத்துவிடும். ஆனால் பழுத்த ஊசியிலை மறுபடி பச்சையாகாது. புது இலை வளர்ந்து மூட இரண்டு வருடம் பிடிக்கும். ஆயிரத்து எண்ணூறில் ஒன்றுகூட இந்த நவம்பரில் வெட்டுக்கு இல்லை. அவை நானும் வெண்டலும் முட்டி போட்டு, கையால் குழி தோண்டி நட்டவை. மற்றவர் தோட்டமாக இருந்தால் எண்ணினவளை நானே திட்டித் தீர்த்திருப்பேன்.

செப்டம்பர் 2

இரண்டு கண்ணிலும் புரை. "இதோட எப்படிங்க வண்டி ஓட்டினீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ரோடு எனக்குத் தெரியும்" என்றேன். ஜெனல் என் வண்டிச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் 9

நேற்று வலது கண்ணில் அறுவை. இன்று கட்டைப் பிரித்தார்கள். திரும்பும் வழியில், மேல் தோட்டத்து ரோட்டில் போ என்று ஜெனலிடம் சொன்னேன். "இன்னிக்கு வேண்டாம் அண்ணி" என்றாள். நான் விடவில்லை.

பார்த்தேன். வானம் அவ்வளவு நீலமாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அதற்குக் கீழே வரிசை வரிசையாகத் துரு. வண்டியை விட்டு இறங்காமல் அழுதேன். புதுக் கண்ணை நனைக்கக் கூடாது என்று ஜெனல் டிஷ்யூ காகிதத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 14

ஊற்றடியில் வெட்டு முடிந்து நான்கு லாரி போயிற்று. மேல் தோட்டம் அப்படியே நிற்கிறது. எங்களிடம் வருடா வருடம் மரம் வாங்குகிறவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு வெண்டல்?" என்று கேட்டார். என் பேரைச் சொல்வான் என்று காத்திருந்தேன். "வறட்சி" என்றான் வெண்டல்.

ஜனவரி 20

இடது கண்ணும் ஆயிற்று. சாவி திரும்பக் கிடைத்தது.

பிப்ரவரி 26

கொட்டகையில் தண்ணீர்ச் சத்தம். வெண்டல் மருந்துத் தொட்டியைக் கழுவுகிறான். துருப்பிடித்த குழாய்முனைகளை மாற்றியிருக்கிறான். வாயைத் திறக்க மாட்டேன் என்று கை கொடுத்தது கொடுத்ததுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாயிற்று.

மார்ச் 7

மெக்சிகோ ஆட்கள் நேற்று வந்துவிட்டார்கள். இன்று சர்ச் முடிந்து வாசலில் வெண்டல் என்னை நிறுத்தினான்.

"ரெண்டு தோட்டம் தப்பிச்சுதுக்கா. மருந்தே அடிக்காம. எண்ணுறதுல தப்பில்ல, எண்ணின ஆள்தான் தப்பு."

சுருக்கென்று தைத்தது. ஆனால் என் ஆறு வருடச் சண்டையில் அவன் தோற்றதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. "அதுக்கு?" என்றேன்.

"இனிமே ரெண்டு பேர் எண்ணணும். நீ ஒரு தடவை, உன் பின்னாலயே நிக்கானோர் ஒரு தடவை. ரெண்டையும் பார்த்துட்டுத்தான் தொட்டிக்குத் தண்ணி விடுவேன்."

அறுபத்து மூன்று வயதில் எனக்கொரு காவல்காரன். சரி என்றேன்.

மார்ச் 10

மேல் தோட்டம். நான் முதலில் எண்ணி முடித்து, வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஊசியிலை ஊசியிலையாகத் தெரிகிறது, முட்டை முட்டையாகத் தெரிகிறது. நாற்பதில் 7. எட்டில்லை, மருந்தில்லை. டிராக்டர் பக்கத்தில் வெண்டல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நிக்கானோர் அதே நாற்பதையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் கழுத்தில் புதுப் பூதக்கண்ணாடி. இருபத்து மூன்றாவது மரத்தில் நின்றவன் நகரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து என்னைப் பார்த்தான். கூப்பிடவில்லை. ஜூலையில் ஒரு தடவை கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தானே. நானே போனேன்.

"என்ன நிக்கானோர்?"

"எனக்குச் சரியாத் தெரியலம்மா. நீங்க ஏழுன்னா ஏழுதான்."

"உன் கண்ணுக்கு என்ன தெரியுது? அதைச் சொல்லு."

"ஒண்ணு இருக்கு. ஊர்ந்துதான் போகுது."

கொப்பைத் திருப்பிப் பார்த்தேன். நான் விட்டது கிளையின் அடிப்பக்கம். அங்கே இலைக்காம்பை ஒட்டி ஒன்றே ஒன்று. ஓடவில்லை.

எட்டு என்று எழுதினேன். பக்கத்தில் எண்ணியவர் என்று போட்டு, அவன் பெயரை எழுதினேன். வெண்டல் நோட்டைப் பார்க்க வரவில்லை. மரத்தைப் பார்க்க வந்தான்.