மஞ்சள் அடித்த திரை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குமணன்சாவடி சந்திப்பில் முழங்கால் தண்ணீர் என்று பால்காரர் சொன்னார். வெளியே போகவில்லை.

கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. நூம்பல் ஊர்க் கல்யாண ஆல்பம், முகூர்த்தப் பக்கம். சேமிக்கும்போது அப்படியே உறைந்துவிட்டது. காலை வேலை மொத்தமும் போச்சு. திரை வேறு மஞ்சள் அடித்துப்போய் மாதக்கணக்காகிறது. மாப்பிள்ளை வேட்டி பழந்துணி மாதிரி தெரிகிறது. நீலத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வெள்ளைக்குக் கொண்டுவருகிறேன்.

மதியம் தேவா போன். ஆவடியில் எனக்கு ஸ்டூடியோ இருந்தபோது விளக்குப் பிடித்தவன். இப்போது குமணன்சாவடியில் அவனுக்கு ஸ்டூடியோ. அவன் எடுக்கிற படங்களை நான் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்து கொடுக்கிறேன். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

"இன்னா சார் இது? மாப்ள நீலமா கீறாரு. பொண்ணோட அப்பா போய்ச் சேந்துட்டாரு, அவரே பரவால்ல. உயிரோட கீறவன் பொணமாட்டம் கீறான்."

பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மேடைப் படத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தது கம்பெனி அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

மானிட்டர் பழசு என்றேன்.

"அப்ப மாத்து சார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆல்பம் குடுக்கணும். அதுவும் இப்டியே வந்துச்சுன்னா நான் வேற ஆளாண்ட போய்டுவேன். கோச்சுக்காத."

என்னிடம் சொல்கிறான், கோச்சுக்காத.

சாயங்காலம் புனிதா பள்ளிக்கூட ஆபீசிலிருந்து நனைந்து வந்தாள். புதுக் கம்ப்யூட்டர் என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "சனிக்கிழமை போலாம். நானும் வர்றேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து செலவு என்றாலே முகம் சுளிப்பவள். ஆச்சரியம்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. துணி காயவில்லை.

வேண்டியவை:
– ராம், இப்போது இருப்பதைப்போல் நான்கு மடங்காவது.
– எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க் மாவு அரைக்கிற சத்தம் போடுகிறது.
– மானிட்டர். இதுதான் முக்கியம். நிறத்தில் பொய் சொல்லாதது.
– லேப்டாப் வேண்டாம். தேவா லேப்டாப் வைத்திருக்கிறான்.

யூடியூபில் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் நாலு விதம். ஒருவன் பேச்சுக்குப் பேச்சு 'நண்பா' என்கிறான். மூடிவிட்டேன்.

இந்த ஊரில் எவனும் வெள்ளையை வெள்ளையாகக் கொடுப்பதில்லை. பெயிண்டர் முனுசாமி கூடத்துக்கு வெள்ளை என்று சொல்லிச் சந்தன நிறத்தை அடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. பூக்காரி புனிதாவுக்கு நேற்றைய முல்லையைக் கொடுக்கிறாள். சொன்னால், "புதுப் பூதாங்க" என்கிறாள் இவள். யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டாள், என்னைத் தவிர.

எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு மாப்பிள்ளைகளுக்குப் பரு நீக்குகிறேன். கல்லூரி வேலைக்கு என்னை விட்டுவிட்டு யாரை எடுத்தார்கள் என்பது இன்றும் நினைவிருக்கிறது. பெயரை இங்கே எழுதி அவனைக் கௌரவிக்க மாட்டேன். அவனுக்கு ஒளியியலில் என்னைவிடக் குறைந்த மதிப்பெண்.

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். பூந்தமல்லிக்கு பஸ். புனிதா தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையில் வந்தாள். பச்சை என்றால் அவளுக்கு உயிர். தனியாகவே போய்த் தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

கடையில் ஐந்து மானிட்டர்கள் வரிசையாக. பென்டிரைவில் அதே முகூர்த்தப் படம், தேவா எடுத்தபடி ஒன்று, நான் சரிசெய்தது ஒன்று. முதலில் அவன் எடுத்ததைப் போடச் சொன்னேன். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். காமிராவில் கண் வைத்தே பாதி ஆயுள் போனவன் நான். எதையாவது கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும்.

ஐந்தும் மஞ்சள்.

"எல்லாம் குடோனில் கிடந்த சரக்கா?" என்றேன்.

"சார், அஞ்சும் அஞ்சு கம்பெனி. அஞ்சும் சேந்து எப்டி சார் மஞ்சளாவும்?" என்றான் கடைக்காரன். சத்தம் போட்டேன். நன்றாகவே போட்டேன். அவன் புனிதாவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா, உங்களுக்கு மஞ்சளாவா கீது?" என்றான்.

அவள் என் பின்னால் வந்து நின்று, உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள்.

"மூடி வச்சிருக்கீங்களே, அந்தக் கண்ணத் தொறங்க. இப்ப பாருங்க."

வேட்டி வெள்ளை.

கையை எடுத்தாள். இடது கண் பழக்கத்தில் மூடிக்கொண்டது. மஞ்சள். அவள் கையை நானே பிடித்து மறுபடி கண்மேல் வைத்தேன். வெள்ளை. நான் சரிசெய்த படத்தைப் போடச் சொன்னேன். மாப்பிள்ளை நீலம். தேவா சொன்னது சரிதான். பொணமாட்டம்.

அவள் கையில் கொத்தமல்லி வாசனை. காலையில் ஆய்ந்திருப்பாள். இது ஏன் நினைவிருக்கிறது என்று தெரியவில்லை.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"முனுசாமி அண்ணனத் திட்டுனீங்களே, அப்பவே ஒரு சந்தேகம்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பீங்களா இன்னா? உங்களுக்கு உலகத்துல அல்லாரும் ஏமாத்துறவங்க. உங்க கண்ணு மட்டும் உத்தமம்."

கடைக்காரன் நல்லவன். பில் புத்தகத்தில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டான். ஒன்றும் வாங்காமல் வந்தோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

புனிதா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வீடெல்லாம் ஒற்றைக் கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு திரிந்தேன். சுவர், வலது: சந்தனம். இடது: வெள்ளை. பால், சோறு, என் பனியன், எல்லாம் அதே கதை. ஒளியியலாம், மதிப்பெண்ணாம்.

பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. கண் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்?

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணில் புரை, முற்றியிருக்கிறது. என்னைப்போல் சர்க்கரை இருப்பவர்களுக்குச் சீக்கிரமே வரலாமாம். இடதில் இப்போதுதான் ஆரம்பம்.

"காமிராவுல லென்ஸ் மாத்த மாட்டீங்களா? அதே மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா. கேட்க வேண்டியதை என்னால் கேட்க முடியவில்லை. புனிதா கேட்டாள்: "இவருக்குக் கலர் பாக்குற வேலை டாக்டர். கலர் சரியாத் தெரியுமா?" தெரியும் என்றார். 25ஆம் தேதி ஆபரேஷன்.

ஆனால் ஆல்பம் இந்த வெள்ளி.

சாயங்காலம் வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புனிதா பக்கத்தில் குளியலறை ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். என் இடது கண்ணையும் நான் இப்போது நம்புவதில்லை.

"இன்னும் கொஞ்சம் செவப்பு... இன்னும்... ஐய, போதும் போதும், தக்காளியா ஆய்ட்டாரு. கொஞ்சம் பின்னால வாங்க."

பிறகு பெண்ணின் அப்பா. முகத்தை இரண்டு படி வெளுக்கப் போனேன். எல்லோரையும் வெளுப்பதுதான் தொழில் வழக்கம். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கருப்பாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணும் அதே கலருதானே? அதையும் வெளுக்காதீங்க. பக்கத்துல நின்னா அப்பா, பொண்ணுன்னு தெரிய வேணாமா?"

இரண்டு பேரையும் அப்படியே விட்டேன். நெற்றியும் மூக்கும் ஒன்று. இத்தனை நாள் இந்தப் படத்தில் வேலை செய்தும் நான் கவனிக்கவில்லை.

அவளுக்கு முதுகு வலி. சொல்லவில்லை, எழுந்தபோது தெரிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

தேவா வீட்டுக்கே வந்து பார்த்தான்.

"தோ, இதான் சார் மனுச கலரு! புது மிஷினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் புனிதா: "ஆமாண்ணே, புதுசு. வாய் பேசும், டீ போடும்."

"இன்னா கம்பெனி?"

"லோக்கல்தாண்ணே. சென்னீர்குப்பம்."

அவள் பிறந்த ஊர். தேவாவுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினான். "பொண்ணையும் அப்பாவையும் இன்னாத்துக்கு சார் வெளுக்காம வுட்ட?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஆல்பத்தை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது போன் செய்தான். "சார், அந்தப் பொண்ணு மத்த பக்கமே திருப்பல. அப்பா கீற பக்கத்தையே பாத்துகினு கீது. அடுத்த ஆல்பமும் உனக்குத்தான்."

சரி என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 26, புதன்

கட்டுப் பிரித்தார்கள். வெளிச்சம் கூசியது. முதலில் தெரிந்தது நர்ஸின் உடுப்பு. அப்படி ஒரு வெள்ளை. பிறகு கதவோரம் புனிதா, நீலப் புடவையில்.

"புதுப் புடவையா?"

"இன்னாங்க நீங்க. தீபாவளிக்கு நீங்க எடுத்துக் குடுத்ததுதான்."

"அது பச்சை."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பச்சைன்னு கையில குடுத்தப்ப உங்க மூஞ்சி அவ்ளோ சந்தோசமா இருந்திச்சி. எப்பவாச்சும் வர்ற மூஞ்சி. அத எவ கெடுப்பா?"

அவள் காதோரம் நிறைய நரைத்திருக்கிறது. அதுவும் வெள்ளை.

நவம்பர் 30, ஞாயிறு

மழை மூட்டம். சொட்டு மருந்து விட்டாயிற்று, அவள்தான் விட்டாள். பழைய மானிட்டரைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை, குறை ஒன்றும் இல்லை. பாவம், அதை என்னென்ன பேசினேன்.

முனுசாமி தெருவில் போனான். கூப்பிட வாய் வரவில்லை. கையைத் தூக்கினேன். சைக்கிளை நிறுத்தி, யாரையோ கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அவனும் தூக்கினான். தேவா விஷயம் வேறு. அந்தக் கோபத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை.

நாளை மறுபடி பூந்தமல்லி. வேண்டியவை:
– ராம்.
– எஸ்.எஸ்.டி.
– மானிட்டர் வேண்டாம்.
– முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று, புனிதாவுக்கு. பச்சை. அவளைக் கேட்டுவிட்டு.