டெல்மர் மாமா முந்த வந்தபோது

என் செல்ல மகள் ப்ரென்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே மலைப்பாதையில் பனி விழத் தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், நீயும் உன் பால் டேங்கர் லாரியும் சறுக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் பிரார்த்தனை. சோளம் அறுத்து முடித்துவிட்டார்கள், நம் வீட்டு ஜன்னலிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் இப்போது வெறும் தட்டைதான். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்த பன் இரண்டு தட்டு சுட்டு உறைபெட்டியில் வைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு நீ வந்தால் உனக்கு, வராவிட்டால் அப்பா சாப்பிட்டுத் தீர்த்துவிடுவார். கம்பளிக் கையுறை அனுப்பினேனே, அதைப் போட்டுக்கொள், அழகாக இல்லை என்று வண்டிக்குள்ளேயே போட்டு வைக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாயே, உன் கம்பெனி வண்டி அறுபத்திரண்டு மைலுக்கு மேல் போகாதபடி ஸ்பீடு கவர்னர் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் மற்ற டிரைவர்கள் ‘ஏய் ஆமைக்குட்டி’ என்று கத்துகிறார்கள், நான் என்னப்பா செய்யட்டும் என்று. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் லாரி ஓட்டப் போனதில் அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்திருப்பாய். உன் குரல் சுருங்கினது எனக்கே கேட்டது. அது கோபம் இல்லை கண்ணு. இத்தனை நாள் உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தோம். இந்தச் சின்ன வீட்டில் அவர் காதில் விழாமல் போனில் பேச முடியாது, எனக்கும் பேசுவதைவிட எழுதுவதுதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

சொந்த லாரி உட்பட எல்லா லாரிக்கும் கவர்னரைக் கட்டாயம் ஆக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து சனிக்கிழமை காலையில் லாரி நிறுத்தத்து காப்பிக்கடையில் வேறு பேச்சே கிடையாது. அப்பா சொந்த வண்டிக்காரர், டெல்மர் மாமா கம்பெனி வண்டி, அறுபத்தைந்தில் பூட்டினது. இரண்டு பேரும் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே சிநேகிதர்கள், சண்டையும் அப்போதிருந்தேதான். இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை நானும் கூட இருந்தேன். அப்பா, “டேய் டெல்மர், உன் காலுக்கு எவனோ பூட்டுப் போட்டிருக்கான், நீ என்னடான்னா அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்கே” என்றார். மாமா விடுவாரா, “நீ மட்டும் என்ன பறந்துட்டியா? டீசல் போயிடும்னு அறுபத்துநாலுல உருட்டுறவன்தானடா நீ” என்றார். “உருட்டுறேன், ஆனா நானா உருட்டுறேன், எவனும் சொல்லி இல்ல” என்றார் அப்பா. கடையே சிரித்தது. கவர்னர் வைத்த வண்டி இன்னொன்றை முந்தப் போனால் மைல் கணக்கில் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ரோட்டை அடைக்கும், பின்னால் வருகிற கார்க்காரன் பொறுமை இழந்து செத்துப்போவான் என்பதுதான் அப்பாவின் வாதம். “அதெல்லாம் முந்த விடுறவன் மனுஷனா இருந்தா நடக்காது” என்று சொல்லிவிட்டு மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்று மதியமே இரண்டு பேருக்கும் கிழக்கே சரக்கு. கியர்னி ஊரைத் தாண்டி அப்பா தன் அறுபத்துநாலில் போய்க்கொண்டிருக்க மாமா பின்னால் வந்து முந்துவதற்காக இடப்பக்கத் தடத்துக்கு மாறியிருக்கிறார். முந்த வருகிறவன் பக்கத்தில் வந்ததும் மற்றவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுப்பான், வந்தவன் முன்னால் நுழைவான், அதுதான் உங்கள் வழக்கம், உனக்கு நான் சொல்ல வேண்டாம். அப்பா காலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அறுபத்தைந்து. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில். ரேடியோவில் மாமா, “வழி விடுடா கிழவா” என்றிருக்கிறார். அப்பா, “உன் பூட்டுகிட்ட கேளு, அது விடட்டும்” என்றிருக்கிறார். இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். கண்ணாடியில் பின்னால் கார்கள் சேர்ந்துகொண்டே போனதை அப்பா பார்த்திருக்கிறார், பார்த்தும் காலை எடுக்கவில்லை. அந்த வரிசையிலிருந்து ஒரு சின்னக் கார் பொறுக்காமல் வலப்பக்கம் ரோட்டோரத்தில் இறங்கி முந்தப் பார்த்தது. அங்கே கிழிந்த லாரி டயர் ஒன்று கிடந்தது. அதன் மேல் ஏறிச் சுழன்று வேலியை உடைத்துக்கொண்டு சோளத் தட்டைக்குள் போய் நின்றது. உள்ளே ஒரு இளம் பெண், பின்சீட்டில் அவள் கைக்குழந்தை. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை, கடவுளுக்கு நன்றி. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. பெயர் மரிசா. ரோந்துப் போலீஸ் வந்து ரோட்டோரத்தில் முந்தினது அவள் தப்பு என்று எழுதிக்கொண்டு போனார். அப்பாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அப்பா வண்டியைத் தொடவில்லை. விற்றுவிடுகிறேன் என்றார். மாமாவும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. நீ போனில் கேட்டது அந்த நாட்களில்தான், தன் மகளுக்குச் சொல்லத் தனக்கு வாய் இல்லை என்று நினைத்துக்கொண்டார். இதைவிடக் கொடுமை, கடையில் இருந்தவர்கள் எல்லாரும், “பாத்தியா வெர்லின், நீ சொன்ன மாதிரியே நடந்துச்சு” என்று அவர் முதுகில் தட்டினதுதான். டிரைவர் சங்கக் கூட்டத்தில் அவர்தான் கண்ணால் பார்த்த சாட்சி, கவர்னரால் வந்த விபத்தை எழுந்து சொல்ல வேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். இந்தப் புதன்கிழமை, கூட்டத்தன்று, சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

நான் கடைசி வரிசையில், கதவுப் பக்கம் உட்கார்ந்தேன், நம் இரண்டு பேருக்கும் பிடித்த இடம். மாமா அந்தக் கோடியில் இருந்தார். அப்பா முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். பிறகு சொன்னார், “கவர்னர் இருந்தது டெல்மர் வண்டியில. அவனால அதுக்கு மேல போக முடியாதுன்னு எனக்குத் தெரியும். என்னால குறைக்க முடியும். குறைக்கல. காலையில பேசின பேச்சுல ஜெயிக்கணும்னு அவன பக்கத்துலயே பிடிச்சு வச்சேன். அந்தப் பொண்ணு எங்க விளையாட்டுக்குப் பின்னால மாட்டிக்கிட்டா. இப்பவும் என் வண்டியில அந்தப் பூட்டு வேண்டாம்னுதான் சொல்றேன். ஆனா அதுக்கு என்னைச் சாட்சி கூப்பிடாதீங்க.” யாரும் கைதட்டவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர், இந்த ஆள் யார் கட்சிடா என்று பக்கத்தில் கேட்டார். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மாமா வந்து அப்பா எதிரில் நின்றார். “நானும் பின்வாங்கியிருக்கலாம்டா. பிரேக்குல எவனும் பூட்டுப் போடலையே” என்றார். இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள், குளிர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் மரிசா வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னார்கள். அதுவரைக்கும் எல்லாம் தன் அவசரத்தால் வந்தது என்று அழுதுகொண்டிருந்த பெண் அவள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். சாத்தட்டும், அது அவ பாரம் இல்லன்னு இப்ப அவளுக்குத் தெரியும்ல என்றார் அப்பா. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை சரக்கு ஏற்றுகிறார், வண்டியை விற்கிற பேச்சு இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொல்கிறார், நான் அப்படியே எழுதுகிறேன். ஆமைன்னு கத்துறவன் கத்தட்டும், நீ பதில் சொல்லாதே. உன்னை முந்த வர்றவன் யாரா இருந்தாலும், திமிர் பிடிச்சவனா இருந்தாலும், காலை எடு. நீ முந்தப் போய் எதிராளி விடலன்னா வெட்கப்படாம பின்னால வந்துடு. முந்திப் போனவன் பின்விளக்கை இரண்டு தரம் சிமிட்டி நன்றி சொல்வான். சொல்லலன்னாலும் பரவாயில்லம்மா.

நீ போகிற ரோடெல்லாம் காய்ந்தே கிடக்கட்டும், கடவுள் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரட்டும். சாப்பிடாமல் வண்டி எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், இந்தத் தடவை அப்பாதான் எடுப்பார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
நீவா